நிற்க முடியாத உடம்பும் நாற்பது நாளும்

தமிழில் நிற்பதற்கு மரியாதை அதிகம். சொந்தக் காலில் நிற்பவர் மதிப்புக்குரியவர். சொன்ன சொல்லில் நிற்பவர் நம்பிக்கைக்குரியவர். கஷ்ட காலத்தில் பக்கத்தில் நிற்பவரே உறவு. குந்தியிருப்பவருக்கும் படுத்திருப்பவருக்கும் மொழி இந்த மரியாதையைத் தருவதில்லை. 'குந்திக்கொண்டு தின்கிறான்' என்றால் அது ஏச்சு. பெண்ணாகப் பிறந்தவளுக்கோ கணக்கு இன்னும் கடுமையானது. கல்யாண வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு எழும்பும்வரை நின்று கவனித்தவளைத்தான் நல்ல பெண் என்று நாலு பேர் சொல்வார்கள்.

என்னால் ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நிற்க முடியாது. எனக்கு வயது 32. கால்களில் ஊனமில்லை. இதயத்தில் ஓட்டையோ அடைப்போ இல்லை. இரத்தத்தில் சீனியும் இல்லை. ஆனால், படுத்திருக்கும்போது நிமிடத்துக்கு 74 தடவை துடிக்கும் என் நாடி, எழுந்து நின்றால் சில நிமிடங்களில் 120ஐத் தாண்டிவிடுகிறது. கண் மங்கும். காது அடைக்கும். கைகள் நடுங்கும். பேசிக்கொண்டிருந்த வசனத்தின் மீதிப் பாதி மறந்துபோகும். உடனே குந்திவிட்டால் தப்பினேன். வெட்கப்பட்டு நின்றுகொண்டேயிருந்தால் விழுந்துவிடுவேன்.

இதை எழுதும்போது நான் ஏழு மாதக் கர்ப்பிணி. பிள்ளை பிறக்கப்போவது எங்கள் கரையில் கச்சான் காற்று அடிக்கும் நாட்களில். சூடும் பிள்ளைப்பேறும் ஒன்றாக வந்து சேரப்போகும் அந்த நாட்களை எண்ணி எனக்குப் பயம் உண்டு. அந்தப் பயத்தைப் பற்றியும், அதற்காக நானும் என் உம்மாவும் செய்துகொண்ட ஓர் உடன்படிக்கையைப் பற்றியும் எழுதவே இந்த முயற்சி.

* * *

வைத்தியர்கள் இந்த நோயைச் சுருக்கமாக 'பொட்ஸ்' என்கிறார்கள். பொஸ்சுரல் ஓர்தொஸ்டட்டிக் டக்கிகார்டியா சின்ட்ரோம் என்பது முழுப்பெயர். நிமிர்ந்து நிற்கும்போது இதயம் அளவுக்கு மீறி விரைந்து துடிக்கும் நோய் என்று தமிழில் சொல்லலாம்.

மனிதர் எவராயினும் எழுந்து நிற்கும்போது அரை லீட்டருக்குக் குறையாத இரத்தம் நெஞ்சுப் பகுதியிலிருந்து வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்குகிறது. நாம் நினையாமலேயே வேலை செய்யும் தன்னாட்சி நரம்புத் தொகுதி அக்கணமே இரத்தக் குழாய்களைச் சுருக்கி, இறங்கியதை மேலே அனுப்புகிறது. அந்த வேலை என் உடம்பில் சரியாக நடப்பதில்லை. இரத்தம் கீழே தேங்குகிறது. மூளைக்குப் போதாமல் போகிறது. அந்தக் குறையை ஈடுசெய்ய இதயம் ஓடுகிறது. நான் நிற்கிறேன், என் இதயம் ஓடுகிறது. ஒரு நாளின் முடிவில் எனக்கு வரும் களைப்பு, மைல் கணக்கில் ஓடியவளின் களைப்பு.

இதற்கு ஓர் அளவுகோல் உண்டு. எழுந்து நின்ற பத்து நிமிடத்துக்குள் நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடவேண்டும். 12 முதல் 19 வயது வரையானவர்களுக்கு 40. இரத்த அழுத்தம் பெரிதாக விழாதிருக்க வேண்டும். தொல்லைகள் மூன்று மாதத்துக்காவது நீடித்திருக்க வேண்டும். வேறு காரணங்கள் இல்லையென்று பார்த்துக்கொள்ளவும் வேண்டும். நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைபெறும் வயதிலுள்ள பெண்கள். ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகு, சிலருக்கு ஒரு பிரசவத்துக்குப் பிறகு இது தொடங்குகிறது. எனக்கு 2021 ஓகஸ்டில் வந்த கொரோனாவுக்குப் பிறகு தொடங்கியது. காய்ச்சல் பத்து நாளில் போய்விட்டது. இது போகவில்லை.

இந்தப் பெயர் மருத்துவ ஏட்டில் இடம்பிடித்தது 1993 இல். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கைச் சேர்ந்த வைத்தியர்கள் அதை எழுதினார்கள். ஆனால் இதை ஒத்த நோய் அதற்கு வெகுகாலம் முன்பே கண்ணில் பட்டிருக்கிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் களைத்துப்போன சிப்பாய்களிடம் காரணமில்லாமல் ஓடும் இதயத்தைக் கண்ட ஜேக்கப் மென்டிஸ் டகோஸ்டா என்ற வைத்தியர் 1871 இல் அதைப் பற்றி எழுதினார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் அதற்குச் 'சிப்பாயின் இதயம்' என்றே பெயர் வழங்கியது. சிப்பாய்க்கு வந்தபோது அது இதயத்தின் நோயாக இருந்தது. கல்முனைப் பக்கத்துப் பெண்ணொருத்திக்கு வந்தபோது அது மனதின் நோயாகிவிட்டது.

நான் போன முதல் மூன்று இடங்களிலும் ஈசிஜி எடுத்தார்கள். படுக்கவைத்துத்தான் எடுத்தார்கள். படுத்திருக்கும்போது எனக்கு ஒன்றுமில்லை. "கல்யாணம் முடிச்சி எத்தின வருசம்? பிள்ள இல்லாத யோசினதான்" என்றார் ஒரு வைத்தியர். இன்னொருவர் தூக்கத்துக்கு மாத்திரை எழுதினார். உம்மா தண்ணீர் ஓதிக் கொண்டுவந்தார். பக்கத்து வீட்டு மாமி கண்ணூறு என்றார். ஓதிய தண்ணீர் எனக்கு உண்மையிலேயே சற்றுச் சுகம் தந்தது. அதில் ஒரு போத்தல் தண்ணீர் இருந்ததே, அதனாலும் இருக்கலாம்.

2023 இல் இளம் வைத்தியர் ஒருவர் வேறொன்று செய்தார். என்னைப் பத்து நிமிடம் படுக்கவைத்து நாடியையும் இரத்த அழுத்தத்தையும் குறித்தார். பிறகு சுவரில் சாயாமல் நிற்கச் சொல்லி, ஒன்று, மூன்று, ஐந்து என்று நிமிடக் கணக்கில் மீண்டும் குறித்தார். ஏழாவது நிமிடத்தில் "போதும், இருங்க" என்றார். அந்தத் தாளை என் பக்கம் திருப்பி, "இது யோசினை இல்ல. இதுக்கு ஒரு பேர் இரிக்கி" என்றார். நான் அழுதேன். நோய் இருக்கிறது என்று கேட்டு ஒருத்தி சந்தோஷத்தில் அழுவதை அவர் முன்பு கண்டிருக்க மாட்டார்.

* * *

சூடு இந்த நோயின் பெரிய எதிரி. உடம்பு சூடாகும்போது தோலுக்கடியிலுள்ள இரத்தக் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியேற்றுகின்றன. எல்லோருக்கும் அப்படித்தான். ஆனால் ஏற்கெனவே சுருங்க மறுக்கும் குழாய்கள் இன்னும் விரிந்தால், மேலே போகவேண்டிய இரத்தம் தோலிலும் காலிலும் நின்றுவிடுகிறது. வியர்வையோடு தண்ணீரும் உப்பும் போகின்றன. ஏற்கெனவே குறைவான இரத்தத்தின் கனவளவு இன்னும் குறைகிறது.

கிழக்குக் கரையில் வாழ்பவர்களுக்குக் கச்சானைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வைகாசி கழிந்தால் மேற்கேயிருந்து மலைகளைத் தாண்டி, ஈரத்தையெல்லாம் அங்கேயே விட்டுவிட்டு, வெறும் அனலாக இறங்கும் காற்று. வாசலில் போட்ட துணி அரை மணித்தியாலத்தில் காய்ந்துவிடும். வியர்ப்பதே தெரியாது, வியர்வை அந்த நொடியே ஆவியாகிவிடும். எவ்வளவு தண்ணீர் உடம்பிலிருந்து போயிற்று என்பது பகல் பதினொரு மணிக்குத் தலை சுற்றும்போதுதான் எனக்குத் தெரியவரும்.

நான் ஆசிரியை. காலைக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் வெயிலில் நிற்கவேண்டும். கீதம், கிறாஅத், அறிவித்தல்கள், அதிபரின் உபதேசம் என்று இருபது நிமிடம். நோய்க்குப் பெயர் கிடைத்த பிறகு, மர நிழலில் ஒரு கதிரை கேட்டு வைத்தியரின் கடிதத்தோடு போனேன். கதிரை கிடைத்தது. அதோடு ஒரு பட்டப்பெயரும் கிடைத்தது. பிள்ளைகள் வைத்ததல்ல, ஆசிரியர் அறையில் வைத்தது.

2022 ஐ நம்மில் யாரும் மறக்க முடியாது. அந்த மார்ச் மாதக் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டப்பட்டது. மின்விசிறி இல்லாத இரவுகளில் சீமெந்துத் தரையில் தண்ணீர் தெளித்து, ஈரத் துவாயைக் கழுத்தில் போட்டுப் படுத்திருந்தேன். கேஸுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. நாடே நின்றுகொண்டிருந்த வருடம் அது. நிற்க முடியாதவளுக்கு வரிசை எவ்வளவு பெரிய மதில் என்று அப்போது கண்டேன். சிலிண்டரின் மேல் குந்திக்கொண்டு வரிசையில் நகர்ந்த வயோதிபர்கள் எனக்கு ஒரு வழி காட்டினார்கள். நானும் ஒரு சிறிய பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனேன். இன்றும் அது என் கூடவே வருகிறது.

குளிரும் நண்பனல்ல. பகலெல்லாம் எரிந்த பாதங்கள், குளிரூட்டிய வங்கிக்குள் ஐந்து நிமிடம் நின்றால் ஊதா நிறமாகிச் சில்லிட்டுப் போகும். ஒரே உடம்பில் கோடையும் மாரியும் ஒன்றாக இருப்பதுபோல. சூட்டையும் குளிரையும் உள்ளிருந்து சமன் செய்யும் பொறியே பழுதென்பதால், நான் அதை வெளியிலிருந்து செய்யவேண்டியிருக்கிறது. கறுப்பு நைலக்ஸ் ஹபாயாவை விட்டு வெளிர் நிறப் பருத்திக்கு மாறினேன். கால்களை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட காலுறை அணிகிறேன். அது இரத்தத்தை மேலே தள்ளுகிறது, ஆனால் வெயிலில் அதுவே சூடு. ஒன்றைக் கொடுத்துத்தான் ஒன்றை வாங்கமுடிகிறது.

மருந்துகள் உண்டு. ஆனால் முதல் மருந்து தண்ணீரும் உப்பும்தான். நாளுக்கு இரண்டரை, மூன்று லீட்டர் தண்ணீர். எல்லோரும் நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ணவேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அறிவுரை. எனக்கு வைத்தியர் சொன்னது அதன் இருமடங்கு. வாப்பாவுக்கு இரத்த அழுத்தம். அவருக்கு உப்பில்லாக் கறி. எனக்கு உப்புக் கூடிய கறி. ஒரே அடுப்பில் இரண்டு சட்டி. இதை வாசிக்கும் யாரும் என்னைப் பார்த்துத் தாமாக உப்பைக் கூட்டிவிடக் கூடாது. இதயம், சிறுநீரகம், இரத்த அழுத்தம் மூன்றையும் பரிசோதித்த பின்பே எனக்கு அதைச் சொன்னார்கள்.

தொழுகையைக் கதிரையில் தொழுகிறேன். நிலையில் நிற்பதை விட, ஸுஜூதிலிருந்து எழும்புவதே எனக்குக் கடினம். "இந்த வயசில கதிரையா?" என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள். மூல நோயால் வருந்திய இம்றான் இப்னு ஹுஸைன் என்ற தோழருக்கு, நின்று முடியாவிட்டால் இருந்தும், அதுவும் முடியாவிட்டால் விலாப்புறம் சாய்ந்தும் தொழும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதை ஸஹீஹுல் புஹாரியில் காணலாம். அங்கே வயது கேட்கப்படவில்லை.

* * *

பிள்ளை வேண்டுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் இரண்டு வருடம் பேசப்படாமல் கிடந்தது. ஊர் பேசிக்கொண்டுதானிருந்தது. என் பயங்களை ஒரு கொப்பியில் எழுதினேன். பத்து மாதம் என் இதயம் தாங்குமா? பிள்ளைக்குப் போகும் இரத்தம் குறையுமா? இந்த நோய் பிள்ளைக்கு வருமா? பிரசவ அறையில் மயங்கினால்? பிறந்த பிறகு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுந்தால்?

அந்தக் கொப்பியோடு மகப்பேற்று நிபுணரிடம் போனோம். என் கணவர் கேள்விகளை ஒவ்வொன்றாக வாசித்தார், நான் கதிரையில் இருந்து பதில்களை எழுதிக்கொண்டேன். கர்ப்ப காலத்தில் தாயின் இரத்தத்தின் கனவளவு 40 முதல் 50 வீதம் வரை கூடுகிறது. எனவே பொட்ஸ் உள்ள பெண்களில் சிலருக்கு நடு மாதங்களில் நோய் தணிந்தே போகிறது. சிலருக்குக் கூடுகிறது, சிலருக்கு மாறுவதில்லை. முதல் மூன்று மாதம் வாந்தியால் நீர் வற்றும், அதுவே ஆபத்தான காலம். பொட்ஸ் மட்டும் இருப்பதற்காகச் சிசேரியன் செய்யவேண்டியதில்லை. சாதாரணப் பிரசவமா சத்திரசிகிச்சையா என்பதை மற்றப் பெண்களுக்குப் போலவே தாயினதும் பிள்ளையினதும் நிலை தீர்மானிக்கும். நான் எடுத்துவந்த மாத்திரைகளில் ஒன்றான ஐவபிரடீன் கர்ப்பத்துக்கு ஆகாது, கருத்தரிக்கும் முன்பே நிறுத்தவேண்டும். நிறுத்தினோம்.

சொன்னபடியே நடந்தது. முதல் மூன்று மாதம் நான் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வாந்தி, ஜீவனி, மீண்டும் வாந்தி. இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். ஐந்தாம் மாதத்தில் ஒருநாள் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, நின்றுகொண்டே ஊற்றுகிறேன் என்பதைக் கவனித்தேன். பதினைந்து நிமிடம் நின்றிருக்கிறேன். பிள்ளை எனக்குள் தன் பங்கு இரத்தத்தைக் கொண்டுவந்து என்னையும் தாங்குவதாகத் தோன்றியது. விஞ்ஞானம் இதை இப்படிச் சொல்லாது. நான் சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது ஏழாம் மாதம். வெயில் ஏறுகிறது. களைப்பும் மெல்லத் திரும்பி வருகிறது. மல்லாந்து படுத்தால் கருப்பை பெரிய நாளத்தை அழுத்துவதால், இடப்பக்கம் சாய்ந்தே படுக்கிறேன். கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். அது கூடினால் என் உப்புக் கணக்கு மாறவேண்டியிருக்கும். மயக்க மருந்து வைத்தியரை முற்கூட்டியே சந்தித்தேன். முதுகில் ஊசி போட்டால் இரத்த அழுத்தம் விழக்கூடும், ஆகவே முன்பே சேலைன் ஏற்றி, மெல்லப் பார்த்துச் செய்யலாம் என்றார். பிள்ளை பிறந்ததும் கொடுக்கும் ஒக்சிடோசினையும் ஒரேயடியாக நாளத்தில் செலுத்தினால் இதயம் விரையும், அதையும் மெதுவாகவே கொடுக்கவேண்டும் என்று குறித்துத் தந்தார். ஒரு பக்கத் தாளில் இவையெல்லாம் இருக்கின்றன. என் கர்ப்பிணிப் பதிவுப் புத்தகத்தோடு அதைப் பின் பண்ணி வைத்திருக்கிறேன். வலியில் கிடக்கும்போது என்னால் விளக்கிக்கொண்டிருக்க முடியாது, தாள் பேசட்டும்.

ஆஸ்பத்திரிப் பயம் இப்படி ஒரு தாளுக்குள் அடங்கிவிட்டது. அடங்காதது வீட்டிலிருந்தது.

* * *

எங்கள் பகுதியில் கல்யாணம் முடித்த பெண் உம்மா வீட்டோடுதான் இருக்கிறாள். பிள்ளைப்பேறு பார்ப்பதும் உம்மாதான். எங்கள் குடும்பத்தில் நாற்பது நாள் என்றால் சட்டம் தெளிவானது. அறையின் ஜன்னலைத் திறக்கக்கூடாது, காற்றுப் படக்கூடாது. மின்விசிறி போடக்கூடாது. மிளகும் உள்ளியும் மஞ்சளும் அரைத்த சரக்குக் கறி. இலைகள் அவித்த வெந்நீரில் குளிப்பு. சாம்பிராணிப் புகை. இவற்றுக்கெல்லாம் மேலாக, தண்ணீர் அளவோடுதான். வயிறு ஊதும், புண் ஆறாது, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்பார்கள்.

பிள்ளை பிறந்ததும் கூடியிருந்த இரத்தத்தின் கனவளவு சில வாரங்களில் பழைய நிலைக்கு இறங்கிவிடும். பிரசவத்தில் இரத்தம் போயிருக்கும். தாய்ப்பாலாகவும் நீர் போகும். பொட்ஸ் உள்ளவளுக்கு நோய் மீண்டும் தலைதூக்கக் கூடிய நாட்கள் அவை. அந்த நாட்களில் மூடிய அறை, கொதிக்கும் குளிப்பு, அளந்த தண்ணீர். அதுவும் கச்சான் காலத்தில். என்னை வீழ்த்துவதற்கென்று யாராவது திட்டம் போட்டிருந்தால் இதைவிட நன்றாகப் போட்டிருக்க முடியாது.

"உம்மா, எனக்கு அது ஏலாது" என்று தொடங்கினேன். உம்மா கோபிக்கவில்லை. "ஒண்ட சாச்சிய நினச்சிப் பாரு மனே" என்று மட்டும் சொன்னார்.

சாச்சி உம்மாவுக்கு இளையவர். 1990 இல், பாதைகள் மூடிக்கிடந்த காலத்தில், வீட்டிலேயே பிள்ளை பெற்றார். பதினொராம் நாள் காய்ச்சலில் மவுத்தானார். இரவில் எழும்பி முற்றத்தில் நின்று பச்சைத் தண்ணீர் குடித்ததால்தான் சன்னி வந்தது என்று பெண்கள் சொன்னார்கள். உம்மா அந்தத் தண்ணீரை இன்னும் மறக்கவில்லை. அன்று அவர் சாச்சியின் அறையில்தான் படுத்திருந்தார், தூங்கிவிட்டார். முப்பது வருடத்துக்கும் மேலாக அந்த ஒரு குவளைத் தண்ணீர் என் உம்மாவின் நெஞ்சில் கிடக்கிறது.

இதைப் புத்தகத்தைக் காட்டி வெல்ல முடியாது என்று எனக்குத் தெரிந்தது. உம்மா காவல் காப்பது மூடநம்பிக்கைக்கு அல்ல, தங்கைக்கு.

எங்கள் பகுதி மருத்துவமாது வீட்டுக்கு வந்தபோது நான் பேசவில்லை, உம்மாவையே கேட்கச் சொன்னேன். அவர் சாச்சியின் கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிள்ளை பெற்ற பின் வரும் அந்தக் காய்ச்சல் கருப்பையில் கிருமி தொற்றுவதால் வருவது, தண்ணீரால் வருவதல்ல, தாகமே காய்ச்சலின் அடையாளம் என்றார். "அவவுக்குக் காச்சல் வந்ததாலதான் தண்ணி தேடினா, உம்மா. தண்ணி குடிச்சதால காச்சல் வரல்ல. அண்டைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகப் பாத இரிந்திருந்தா மருந்து கிடச்சிருக்கும்." உம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார்.

அன்றிரவு மஃரிபுக்குப் பிறகு உம்மா சூறா மர்யம் ஓதிக்கொண்டிருந்தார். கர்ப்பமான நாளிலிருந்து எனக்காக ஓதுவது அவர் வழக்கம். நான் தர்ஜுமாவைத் திறந்து பக்கத்தில் இருந்தேன். பிரசவ வேதனை மர்யம் (அலை) அவர்களைப் பேரீத்த மரத்தடிக்குக் கொண்டுசெல்கிறது. இதற்கு முன்பே இறந்துபோயிருக்கக் கூடாதா என்று ஏங்குமளவுக்கு வேதனை. அந்த வேளையில் அவருக்கு இறைவன் கொடுத்தவை என்ன? காலடியில் ஓர் ஊற்று. உலுக்கினால் உதிரும் கனிந்த பழங்கள். உண்ணும்படியும் பருகும்படியும் ஒரு சொல். எழும்பு, நில், தைரியமாயிரு என்பதல்ல அந்தச் சொல். உம்மா நூறு தடவை ஓதிய வசனங்கள்தான். "தண்ணிய காலடியிலயே வெச்சிரிக்கான்" என்றார், மெதுவாக, தனக்கே சொல்வதுபோல.

* * *

பிறகு எங்கள் உடன்படிக்கை ஆரம்பமானது. உம்மாவின் பயம் குளிர்ந்த தண்ணீர். என் தேவை தண்ணீர், அது குளிர்ந்திருக்க வேண்டியதில்லை. எனவே கொதிக்கவைத்து ஆறிய தண்ணீர், இளஞ்சூட்டோடு, நாளுக்கு மூன்று லீட்டர். போத்தலை நிரப்புவது உம்மாவின் பொறுப்பு. அளவு பார்ப்பதும் அவரே. ஜன்னல் திறந்திருக்கும், பிள்ளையின் பக்கம் திரை இருக்கும். மின்விசிறி சுவரைப் பார்த்துச் சுழலும். குளிப்பு இளஞ்சூட்டில், கதிரையில் இருந்து, கதவைத் தாழிடாமல். சரக்குக் கறி உண்டு, உப்போடு.

இப்படி ஒவ்வொன்றாகப் பேசியபோது, நாற்பது நாளில் எனக்குப் பகையானவை கொஞ்சம், துணையானவை நிறைய என்று கண்டேன். பிள்ளை பெற்றவள் வீட்டு வேலையைத் தொடக்கூடாது என்பது எனக்கு எவ்வளவு பெரிய கொடை! வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுகிறார்களே, வயிற்றில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ள வைத்தியர் எனக்கு வாங்கச் சொன்ன பட்டியும் அதே வேலையைத்தான் செய்கிறது. நாற்பது நாளும் படுத்தே கிடப்பதுதான் ஆகாது. கால் தசைகள் தளர்ந்தால் நோய் கூடும். படுத்தபடியே கால்களை மடக்கி நீட்டும் பயிற்சிக்கு உம்மா சம்மதித்துவிட்டார்.

அதுமட்டுமல்ல. மூத்தம்மா காலத்துப் பெண்கள் எத்தனை வேலையை இருந்துகொண்டே செய்தார்கள் என்று உம்மா சொல்லச் சொல்ல வியந்தேன். தேங்காய் திருவுவது, மீன் அறுப்பது, மா இடிப்பது தவிர்ந்த மற்ற அரிசி வேலையெல்லாம், பாய் இழைப்பது. கைக்குழந்தையைக் குளிப்பாட்டுவதுகூடக் கால்களை நீட்டி இருந்து, பிள்ளையைக் காலின் மேல் கிடத்தித்தான். பெண் நின்றுகொண்டே வேலை செய்யவேண்டும் என்று எங்கள் பெண்கள் சட்டம் வைக்கவில்லை. சுனாமிக்குப் பிறகு கட்டிய வீடுகளில் நெஞ்சுயரத்துக்கு மாபிள் பதித்த சமையல் மேடைகள் வந்தன, அவற்றோடுதான் அந்தச் சட்டமும் வந்தது. என் கணவர் போன கிழமை மூத்தம்மாவின் பழைய பலகையைத் தேடியெடுத்துக் கழுவிக் காயவைத்தார். கைகள் நடுங்கும் நாட்களில் பிள்ளையை நான் தூக்கிக்கொண்டு நடக்கப்போவதில்லை. ஏணை தாழ்வாகக் கட்டப்படும். நான் பக்கத்தில் இருந்து ஆட்டுவேன்.

எல்லாப் பயமும் தீர்ந்துவிடவில்லை. நோய் என் பிள்ளைக்கு வருமா என்ற கேள்விக்கு, சில குடும்பங்களில் ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு இருப்பதுண்டு என்பதே நிபுணரின் பதில். அந்த வரி என் கொப்பியில் அப்படியே இருக்கிறது. பிறக்கப்போவது மகளாக இருந்து, பதினைந்து வயதில் ஒருநாள் வகுப்பில் நின்று தலை சுற்றுகிறது என்று வந்து சொன்னால், அவளை யாரும் 'சோம்பேறி' என்றோ 'யோசினை' என்றோ சொல்லாதிருக்க வேண்டும். இதை எழுதுவதில் அந்த ஆசையும் இருக்கிறது. இதை வாசிப்பவர்கள் வீட்டிலோ வகுப்பிலோ அடிக்கடி குந்திவிடும் ஒரு பெண் பிள்ளை இருந்தால், அவளைப் படுக்கவைத்து ஒரு முறையும் எழுப்பி நிற்கவைத்து ஒரு முறையும் நாடி பார்க்கும்படி வைத்தியரிடம் கேளுங்கள். சிறிது நேர வேலைதான்.

உம்மா இன்று சந்தையிலிருந்து ஒரு லீட்டர் கண்ணாடிப் போத்தல்கள் மூன்று வாங்கி வந்திருக்கிறார். பிளாஸ்டிக்கில் சுடுதண்ணீர் ஊற்றக்கூடாதாம். மூன்றையும் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருக்கிறார்.